புற வன்தட்டில் நீக்கிய கோப்புகள் இடத்தை விடாதது ஏன்?

பின்வரும் சந்தர்ப்பத்தைக் கருதுக.

மாணவர் ஒருவர் தமது செயற்றிட்டத்தின் பழைய காப்புப் பிரதிகளைப் புற வன்தட்டிலிருந்து நீக்குகிறார். அவற்றின் அளவு 20 கிகா பைற்று. நீக்கியது பாடசாலைக் கணினியில். ஆனால் வன்தட்டின் வெற்றிடம் கூடவில்லை. வீட்டுக் கணினியில் இணைத்து மீள்சுழற்சித் தொட்டியைத் திறந்தால் அதுவும் வெறுமையாக உள்ளது. அப்படியாயின் கோப்புகள் எங்கே?

விளக்கம்

விண்டோஸ் பணிசெயல் முறைமையில் புற வன்தட்டிலிருந்து நீக்கப்படும் கோப்பு கணினிக்குள் வருவதில்லை. அதே வன்தட்டிலுள்ள மறைக்கப்பட்ட கோப்புறை ஒன்றுக்கே செல்கிறது. எனவே இடம் விடுபடாது. மேலும், என்.ரி.எவ்.எஸ் முறையில் வடிவமைக்கப்பட்ட வன்தட்டில் ஒவ்வொரு பாவனையாளருக்கும் அக்கோப்புறையினுள் தனித்தனிப் பகுதி உண்டு. பாடசாலைக் கணினியின் பாவனையாளர் நீக்கியது வீட்டுக் கணினியின் தொட்டியில் தெரியாதது இதனாலேயே.

பென் டிரைவ் இவ்வாறன்று. அதில் நீக்கும் கோப்பு பொதுவாகத் தொட்டிக்குச் செல்லாமல் நேரடியாகவே நீங்கிவிடும். இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

செய்ய வேண்டியவை

1. முதலில் மூலக் கோப்பு வேறிடத்தில் உள்ளதா எனத் திறந்து பாருங்கள். பெயர் தெரிவது போதாது. கோப்பு திறக்க வேண்டும்.
2. நீக்கிய அதே கணினியில், அதே பாவனையாளர் கணக்கில் வன்தட்டை இணைத்துத் தொட்டியை வெறுமையாக்குங்கள்.
3. "கோப்பு பாவனையில் உள்ளது" எனும் செய்தி வந்தால் உரிய மென்பொருளை மூடுங்கள். தேவையெனின் கணினியை மீளத் தொடக்குங்கள்.
4. அனுமதி மறுக்கப்பட்டால் நிர்வாகிக் கணக்கின் மூலம் முயலுங்கள்.
5. அப்போதும் நீங்காவிடின் வன்தட்டின் வழுக்களைப் பரிசோதியுங்கள்.

வன்தட்டை முழுமையாக வடிவமைத்தல் இறுதி வழியாகும். அதில் உள்ள அனைத்தும் போய்விடும். ஆகவே வேண்டியவற்றை முன்னரே வேறிடத்தில் பிரதி செய்துகொள்ளுங்கள்.

நினைவிற் கொள்க

வன்தட்டில் ஒரு கோப்பை நிரந்தரமாக நீக்கும்போது, அவ்விடம் வெற்றிடம் எனக் குறிக்கப்படுகிறதேயன்றித் தரவு உடனே அழிவதில்லை. புதிய தரவு அதன்மேல் எழுதப்படும் வரை மீட்க வாய்ப்புண்டு. தவறுதலாக நீக்கிவிட்டால் அவ்வன்தட்டில் எதனையும் புதிதாகச் சேமிக்காதீர்கள். பல மாத உழைப்பு அந்த ஒரு நிதானத்தில் தங்கியிருக்கலாம்.

மாதிரி வினா

நீக்கிய கோப்பினை மீட்க விரும்புபவர் அதே வன்தட்டில் புதிய கோப்புகளைச் சேமிக்கலாகாது. காரணம் தருக.

விடை: புதிய தரவு, நீக்கிய கோப்பு இருந்த இடத்தின்மேல் எழுதப்படலாம். அவ்வாறு எழுதப்பட்டால் பழைய தரவை மீட்க முடியாது.