வழவழப்பாக இருந்தால் என்ன?

கேள்வி: அம்மாவுக்கு இம்ப்ளான்ட் வைத்துப் பல் கட்டினோம். டாக்டர் அந்தத் திருகைக் காட்டினார். பளபளப்பே இல்லாமல் மங்கிய சாம்பல் நிறத்தில் இருந்தது. உடம்புக்குள் வைக்கிற பொருளை வழவழவென்று செய்யமாட்டார்களா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

முதலில் வழவழப்பாகத்தான் செய்தார்கள். 1950-களின் தொடக்கத்தில் ஸ்வீடனின் லுண்ட் நகரில் பெர்-இங்வார் பிரனேமார்க் என்ற ஆராய்ச்சியாளர், எலும்பு மஜ்ஜையில் ரத்தம் எப்படி ஓடுகிறது என்று பார்க்க முயலின் கால் எலும்பில் ஒரு டைட்டானியக் கூட்டைப் பொருத்தினார். சோதனை முடிந்து கழற்றப் பார்த்தால் வரவில்லை. எலும்பு அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தது.

இதற்குச் சற்று முன், 1951-ல், காட்லீப் லெவந்தால் என்ற அமெரிக்க மருத்துவர் எலிகளின் தொடை எலும்பில் டைட்டானியத் திருகுகளைப் போட்டுப் பார்த்து எழுதியிருந்தார். 6 வாரத்தில் திருகு முன்பைவிட இறுகியிருந்தது. 16 வாரத்தில் ஒன்றைக் கழற்றப்போய் எலும்பே முறிந்தது. ஆனாலும் பெயர் பிரனேமார்க்குக்குப் போனது நியாயம்தான். 1965-ல் மனிதத் தாடை வரை இதைக் கொண்டுவந்தவர் அவர்.

அவருடைய திருகுகள் லேத்தில் கடைந்தவை. ஒட்டின, ஆனால் மெதுவாக ஒட்டின. கீழ்த்தாடையில் 3 மாதம், மேல்தாடையில் 6 மாதம் ஈறுக்கடியில் மூடி வைத்துக் காத்திருக்க வேண்டும். இந்தக் காத்திருப்பைக் குறைக்கத்தான் சொரசொரப்பு வந்தது.

1991-ல் சுவிட்சர்லாந்தின் டேனியல் பூசர் குழுவினர் குட்டை இனப் பன்றிகளில் பலவகைப் பரப்புகளை வைத்து ஒப்பிட்டார்கள். மின்முறையில் மெருகேற்றிய திருகில் எலும்பு தொட்டிருந்த பரப்பு 20–25 சதவீதம். பருமணலை வீசியடித்து, பிறகு அமிலத்தில் அரித்ததில் 50–60 சதவீதம். எலும்பிலுள்ள தாதுவையே மேலே பூசிய திருகு இன்னும் அதிகம் காட்டியது; ஆனால் அந்தப் பூச்சு கரையத் தொடங்கியிருந்தது. மணலும் அமிலமும் நிலைத்தன. இங்கே மணல் என்பது கால் முதல் அரை மில்லிமீட்டர் அளவுள்ள அலுமினியம் ஆக்சைடு துகள். அது பெரிய பள்ளங்களை வெட்ட, அவற்றுக்குள் அமிலம் நுண்குழிகளைப் போடுகிறது. நீங்கள் பார்த்த மங்கல் இப்படிப்பட்ட வேலையால் வந்ததுதான்.

குழி இருந்தால் எலும்புக்கு என்ன லாபம்? திருகு இறங்கியதும் அதை முதலில் தொடுவது எலும்பல்ல, ரத்தம். அது உறையும்போது உண்டாகும் ஃபைப்ரின் இழைகளைப் பிடித்துக்கொண்டுதான் எலும்பு கட்டும் செல்கள் உலோகத்தை நோக்கி நகர்கின்றன. செல்கள் இழுக்கும் இழுப்பில், வழவழப்பான பரப்பிலிருந்து இழை பிய்ந்துவிடும், பாதை அறுந்துபோகும். பூச்சுவேலைக்கு முன் கொத்தனார் கான்கிரீட்டைக் கொத்திவிடுவதுபோல, சொரசொரப்பு அந்த இழையைப் பிடித்து வைக்கிறது. அப்போது பழைய எலும்பின் பக்கமிருந்து மட்டுமல்லாமல், திருகின் மேலிருந்தே புது எலும்பு தொடங்கிவிடுகிறது. எலும்பு நன்றாக இருந்தால் 6 வாரத்திலேயே பல் மாட்ட முடிகிறது.

அதற்காக ரம்பம்போல் ஆக்கிவிட முடியாது. சராசரியாக 1–2 மைக்ரான் மேடுபள்ளமே போதும். அதிகச் சொரசொரப்பு ஈறுக்கு வெளியே தெரிந்துவிட்டால் கிருமிப் படலம் குடியேறும், சுத்தம் செய்வதும் பெரும்பாடு. அதனால்தான் பல கம்பெனிகள் ஈறைத் தொடும் கழுத்தை மட்டும் பளபளப்பாகவே விடுகின்றன.

ஒவ்வொரு கம்பெனியும் தன் பரப்புக்கு ஒரு பெயர் சூட்டி விலையை ஏற்றும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். 1965-ல் அந்த முதல் நோயாளிக்கு வைத்த கடைந்த திருகுகள் 2006-ல் அவர் இறக்கும்வரை உழைத்தன. சொரசொரப்பு நேரத்தை மிச்சப்படுத்துகிறது, மேல்தாடையின் மெத்தென்ற எலும்பில் கைகொடுக்கிறது. சிகரெட்டையும் கட்டுக்குள் இல்லாத சர்க்கரையையும் அது சரிக்கட்டாது.

கேள்வி: இடுப்பு மூட்டு மாற்றுவதிலும் இதே கதைதானா?
– ஒரு வாசகர், திருச்சி

சிமென்ட் இல்லாமல் பொருத்தும் மூட்டுகளில் அளவு வேறு. சில நூறு மைக்ரான் வரை துளைகள் இருக்கும். எலும்பு அவற்றுக்குள்ளேயே வளர்ந்துவிடும். ஆனால் முறிவுக்குப் போட்டுப் பிறகு கழற்ற வேண்டிய பிளேட்டும் திருகும் இப்படி ஒட்டிக்கொண்டால் டாக்டருக்குத் தலைவலி. அவற்றுக்கு வழவழப்பே நல்லது.