வயிற்றில் பையோடு வாழ்பவர் உண்ண அஞ்ச வேண்டாம்

வலிகாமத்தின் நலன்புரி நிலையம் ஒன்றில் நாம் சந்தித்த ஒரு குடும்பத் தலைவரைப் பற்றிச் சொல்லி இப்பாடத்தைத் தொடங்குகிறோம். 1990ஆம் ஆண்டு வலிகாமம் வடக்கிலிருந்த தமது செம்மண் தோட்டத்தை விட்டு வந்தவர். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30இல் தென்மராட்சிக்கு நடந்த பெருங்கூட்டத்திலும் ஒருவராக நடந்தவர். அவருடைய காணி இன்னும் விடுபடவில்லை. குத்தகைக் காணியில் வெங்காயம் செய்து பிள்ளைகளை வளர்த்தார். மலக்குடலில் புற்றுநோய் கண்டு சத்திரசிகிச்சை செய்தார்கள். இடது பக்க வயிற்றில் மலம் வெளியேற ஒரு வழி வைத்து, அதன்மேல் பை ஒட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

நோய் வருமுன் அவரது நிறை 58 கிலோ. சத்திரசிகிச்சை முடிந்து மூன்று மாதத்தில் 46 கிலோ. கன்னம் ஒட்டி, தோள் எலும்பு தெரிய இருந்தார். நோய் முற்றிவிட்டது என்றே அயலவர் பேசினர். உண்மையைச் சொன்னால் நாமும் அப்படித்தான் எண்ணினோம். ஆறுதல் வார்த்தைகளைத் தயார் செய்துகொண்டே அவரிடம் போனோம். மனைவிதான் எம்மைப் படலையடியில் மறித்தார்.

“பாதர், இவர் ஒரு நேரந்தான் சாப்பிடுறார். கேட்டால் பசிக்கேல்லை எண்டுறார். அது பொய்.”

அவர் சற்று நேரம் பேசாதிருந்துவிட்டுச் சொன்னார்: “சாப்பிட்டால்தானே பாதர் பை நிறையும். நிறைஞ்சால் கக்கூசு வரிசையிலை போய் நிக்க வேணும். உள்ளுக்கை நிண்டு கழுவ நேரம் செல்லும். வெளியிலை நிக்கிற சனம் கதவைத் தட்டுது. பையும் காசு.”

ஆறுதல் வார்த்தைகளை விட, அவருக்கு அன்று அவசரமாக வேண்டியிருந்தவை ஒரு வாளியும், நாலு கிடுகு கட்டிய ஒரு மறைப்பும், மூன்று வேளைச் சோறுமே.

இத்தகைய சத்திரசிகிச்சையின் பின் நிறை குறைவதற்குக் காரணங்கள் பல உண்டு. நோயே முதலில் உடலைத் தின்கிறது. சத்திரசிகிச்சைக்கு முன்னும் பின்னும் நாட்கணக்கில் உணவில்லை. வெட்டிய காயத்தை ஆற்ற உடல் தன் சொந்தத் தசையையே கரைத்து எடுக்கிறது. சிலருக்கு அதன் பின்னும் மருந்தேற்றுவார்கள். வாய் கசக்கும், குமட்டும். இவை யாவும் வைத்தியர் அறிந்தவை, கேட்டுக் குறித்துக்கொள்பவை. பை நிறையுமே என்ற பயத்தில் உண்ணாதிருப்பதை மட்டும் எந்தக் குருதிப் பரிசோதனையும் காட்டாது. நோயாளி வாய் திறந்தால்தான் தெரியும். எமது ஆண்கள் இதைச் சொல்ல வெட்கப்படுகிறார்கள். பெண்கள் அதைவிடக் கூட.

உண்ணாவிட்டால் பை வெறுமையாயிருக்கும் என்பதும் தவறான எண்ணம். உமிழ்நீர், இரைப்பைச் சாறு, பித்தம், கணையச் சாறு என்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 7 லீற்றர் திரவம் எமது குடலுக்குள் சுரக்கிறது. அதில் மிகப் பெரும் பகுதியைக் குடலே திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. உணவு வராவிட்டாலும் சுரப்பு முற்றாக நிற்பதில்லை. வெறுங்குடலில் காற்றுச் சேரும். பை ஊதும், வருவது தண்ணீராக வரும், நாற்றமும் குறையாது. வேளைக்கு வேளை சிறிது சிறிதாக உண்பவருடைய பையே ஒழுங்காக நிறையும். எப்போது வெறுமையாக்கலாம் என்பதும் அவருக்குப் பழகிவிடும்.

இந்த வழி இரண்டு வகைப்படும். எந்த வகை என்பதை நோயாளியும் வீட்டாரும் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். பெருங்குடலில் வைப்பது கொலொஸ்டொமி. பெரும்பாலும் இடது பக்கத்தில் இருக்கும், மலம் ஓரளவு கட்டியாக வரும். சிறுகுடலின் கடைசியில் வைப்பது இலியொஸ்டொமி. பெரும்பாலும் வலது பக்கத்தில் இருக்கும், கஞ்சி போல வரும். தண்ணீரையும் உப்பையும் உறிஞ்சி எடுப்பது பெருங்குடலின் வேலை. இலியொஸ்டொமி உள்ளவருக்கு அந்த வேலை நடப்பதில்லை. அதனால் அவர் நிறையோடு நீரையும் உப்பையும் இழக்கிறார். இதைப் பற்றிப் பின்னர் சொல்வோம்.

இப்படிப் பையோடு வாழ்ந்தவர்கள் எம்மில் மட்டுமல்ல, பலர் உள்ளனர். போர்க்காலத்தில் செல் துண்டும் சன்னமும் வயிற்றில் பாய்ந்த எத்தனையோ பேருக்கு, குடல் ஆறும்வரை இவ்வழி வைக்கப்பட்டது; சிலருக்குப் பின்னர் மூடப்பட்டது. 1981 மே 13இல் உரோமையில் சுடப்பட்ட பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பருக்கும் இதுவே நடந்தது. குடலின் ஒரு பகுதியை வெட்டி அகற்றி, தற்காலிகமாகக் கொலொஸ்டொமி வைத்தார்கள். யூன் 3இல் இல்லம் திரும்பியவர், காய்ச்சல் கண்டு மெலிந்து, அதே மாதம் 20இல் மீண்டும் வைத்தியசாலைக்குப் போக நேர்ந்தது. ஓகஸ்ட் 5இல்தான் வழி மூடப்பட்டது. தேர்ந்த வைத்தியர்கள் சூழ்ந்திருந்தவருக்கே குணமாவது ஒரே நேர்கோட்டில் நடக்கவில்லை. 1995 சனவரியில் அவர் கொழும்பு காலிமுகத் திடலுக்கு வந்து யோசேப் வாஸ் அடிகளாருக்கு முத்திப்பேறு பட்டம் வழங்கியதை முதியவர்கள் நினைவில் வைத்திருப்பர். அன்று மேடையில் நின்றவரின் வயிற்றிலும் அந்தத் தழும்பு இருந்தது.

இனி உணவைப் பார்ப்போம். சிவப்பு அரிசி உண்ணுங்கள், கீரை உண்ணுங்கள், தவிடு நீக்காத மாவில் பிட்டு அவியுங்கள் என்று உங்களுக்கு ஓயாமல் சொல்லி வருபவர்கள் நாங்கள். சத்திரசிகிச்சையின் பின் முதல் 6 முதல் 8 கிழமைக்கு மட்டும் அதற்கு மாறாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. குடல் அப்போது வீங்கியிருக்கும், வழி ஒடுங்கியிருக்கும். நார் அதிகமுள்ளவை அதில் அடைத்துக்கொள்ளும். ஆகவே அக்காலத்தில் வெள்ளை அரிசிச் சோறு நல்லது. குழையக் காய்ச்சிய உப்புக் கஞ்சி, வெள்ளை மா இடியப்பமும் தேங்காய்ப்பால் சொதியும், அவித்து மசித்த உருளைக்கிழங்கு, தோல் நீக்கிய பூசணி, கனிந்த வாழைப்பழம், முட்டை, முள் நீக்கிய மீன், தயிர் ஆகியவை நல்லவை. சம்பலை விடச் சொதி ஏற்றது. தேங்காயின் சத்து பாலில் வந்துவிடும், பூ அடைக்காது.

எமது பனைப் பண்டங்களில் விசேட கவனம் வேண்டும். பனங்கிழங்கு, ஒடியல், பனம்பழம் எல்லாமே நார். ஒடியற்கூழ் யாழ்ப்பாணத்தவருக்கு உயிர் என்பது எமக்கும் தெரியும். ஆயினும் அதில் ஒடியல் மாவோடு பலாக்கொட்டையும் பயற்றங்காயும் கீரையும் நண்டும் சேர்கின்றன. முதல் மாதங்களில் அது வேண்டாம். சோளம், காளான், கச்சான், பலாப்பழம், தேங்காய்ச் சொட்டு ஆகியவையும் அப்படியே. எட்டுக் கிழமை கழிந்ததும் ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பாருங்கள். ஒரு நாளில் ஒரு புதிய உணவு, சிறிதளவு, நன்றாக மென்று. ஒத்துக்கொண்டால் மறு கிழமை சற்றுக் கூட்டலாம். கொலொஸ்டொமி உள்ளவர் பெரும்பாலும் தமது பழைய உணவுக்கே திரும்பிவிடலாம். கீரையும் பழமும் அவருக்கு மலச்சிக்கலைத் தடுக்கும். இலியொஸ்டொமி உள்ளவர் நார்ப்பண்டங்களில் எப்போதும் நிதானமாக இருக்க வேண்டும்.

நிறை ஏறுவதற்கு மூன்று பெரிய சாப்பாட்டை விட ஆறு சிறிய சாப்பாடு உதவும். ஒவ்வொன்றிலும் தசை வளர்க்கும் ஏதாவது ஒன்று இருக்கட்டும்: ஒரு முட்டை, ஒரு துண்டு மீன், ஒரு கரண்டி தயிர், கரையக் காய்ச்சிய பருப்பு. கஞ்சிக்குள் தேங்காய்ப்பால் விடுங்கள்; மசித்த கிழங்கில் ஒரு தேக்கரண்டி நெய்யோ நல்லெண்ணெயோ சேருங்கள். வயிறு கொள்ளும் அளவு கூடாமலே சத்து கூடும். இரவுச் சாப்பாட்டை ஆறரை ஏழு மணிக்குள் முடித்தால் நள்ளிரவில் எழும்பும் தொல்லை குறையும். சில வீடுகளில் பத்தியம் என்று சொல்லி மீனையும் முட்டையையும் மறிக்கிறார்கள், தண்ணீரையும் அளந்து கொடுக்கிறார்கள். தயவுசெய்து இவர்களுக்கு அது வேண்டாம். தூள் குறைத்து வைத்த மீன்கறியும் பத்தியக்கறிதான்.

இலியொஸ்டொமி உள்ளவருடைய தண்ணீர்க் கணக்கு வேறு. நிலை சீரானபின் நாளொன்றுக்கு அரை லீற்றர் முதல் முக்கால் லீற்றர் வரை பையில் வருவது வழமை. அது ஒன்றரை லீற்றரைத் தாண்டினால் ஆபத்து. நாக்கு வறளும், சிறுநீர் குறையும், எழும்பும்போது தலை சுற்றும், கெண்டைக்கால் பிடிக்கும். அப்போது வீட்டார் பயந்துபோய் வெறுந்தண்ணீரைக் குடம் குடமாகக் கொடுப்பர். வெறுந்தண்ணீர் குடலிலிருந்து உப்பை இழுத்துக்கொண்டு வெளியேறும். இழப்பு கூடுமேயன்றிக் குறையாது. இளநீரிலும் சோடியம் என்ற உப்புக் குறைவு. அது மட்டும் போதாது. ஜீவனிப் பக்கற் ஒன்றை ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் கரைத்து, நாள் முழுவதும் சிறுகச் சிறுகக் குடிக்க வேண்டும். பக்கற் இல்லாவிட்டால் ஒரு லீற்றர் நீருக்கு மட்டமாக 6 தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. இது அவசரத்துக்கே, அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். இரத்த அழுத்தமோ சிறுநீரக நோயோ உள்ளவர் உப்பளவை முன்கூட்டியே வைத்தியரிடம் கேட்டு வைத்திருக்கட்டும். இலியொஸ்டொமி உள்ளவருக்கு எக்காரணங்கொண்டும் பேதி மருந்து கொடுக்க வேண்டாம்.

நிறை மாறும்போது பையும் பொருந்தாமல் போகும் என்பதைப் பலர் அறியார். மெலிந்த வயிற்றில் தோல் மடியும். அந்த மடிப்பு வழியே கசியும். கசிந்தால் தோல் புண்ணாகும். புண்ணில் பை ஒட்டாது. பை ஒட்டாதவர் மேலும் உண்ணப் பயப்படுவார். அத்துடன் வழியின் வாயும் முதல் இரண்டு மாதத்தில் சுருங்கும். கிழமைக்கு ஒருமுறை கடதாசி வெட்டி அதன் அளவை எடுத்துப் பாருங்கள். பையின் துவாரம் வாயை விட 2 அல்லது 3 மில்லிமீற்றர் மட்டும் பெரிதாக இருக்கட்டும். தோலை வெறுந்தண்ணீரால் கழுவி ஒற்றியெடுத்தால் போதும். டெற்றோல் வேண்டாம். நல்லெண்ணெயும் தேங்காயெண்ணெயும் பூச வேண்டாம். எண்ணெய் பட்ட தோலில் பசை பிடிக்காது. மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் வெறுமையாக்க வேண்டும். ஒட்டும் பை ஒரு டென்மார்க் தாதியின் யோசனை. சத்திரசிகிச்சைக்குப் பின் வீட்டை விட்டு வெளியே வர அஞ்சிய தம் சகோதரிக்காக எலிசே சோறன்சென் என்பவர் 1954இல் அதை நினைத்தார். பயம் அந்த நாட்டிலும் இதே பயந்தான்.

வேலையைப் பொறுத்தவரை, முதல் மூன்று மாதம் பாரம் தூக்க வேண்டாம். மண்வெட்டி பிடிப்பதும் தண்ணீர் வாளி இழுப்பதும் வேண்டாம். மருந்தடிக்கும் 16 லீற்றர்த் தாங்கி நிறைந்தால் 20 கிலோவளவு வரும். அதன் வார் வயிற்றை இறுக்கும். வழியைச் சுற்றிக் குடல் பிதுங்கிவிட்டால் மறுபடியும் சத்திரசிகிச்சைதான். நடக்கலாம், நடப்பது பசியைத் தரும். தோட்ட வரம்பில் காலையும் மாலையும் நடப்பதே நல்ல மருந்து.

ஒரே தராசில், கிழமையில் ஒரே நாளில் நிறை பார்த்து எழுதி வையுங்கள். 58 கிலோ இருந்தவர் ஆறு மாதத்தில் 6 கிலோவுக்கு மேல் இழந்தால், அல்லது நன்றாக உண்டும் இறங்கிக்கொண்டே போனால், அது பயத்தால் வந்த மெலிவு என்று நாமே முடிவு செய்துவிடக் கூடாது. நோய் திரும்பியதா என்று வைத்தியர் பார்க்க வேண்டும். தெல்லிப்பழையிலேயே இப்போது புற்றுநோய்ச் சிகிச்சை கிடைக்கிறது. 2011ஆம் ஆண்டு தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்தவர்கள் திரட்டிய பணம் அந்த வைத்தியசாலைக்கே சென்றது. முன்பு போல எல்லாவற்றுக்கும் மகரகமை வரை போகத் தேவையில்லை. குடல்வாய் உதட்டின் உட்புறம் போலச் சிவந்து ஈரமாக இருக்க வேண்டும். கறுத்தாலோ நீலம் பாரித்தாலோ உடனே போங்கள். இலியொஸ்டொமி உள்ளவருக்கு ஐந்தாறு மணித்தியாலம் பையில் ஒன்றும் வராமல் வயிறு முறுக்கி வாந்தி வந்தால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம்.

எமது குடும்பத் தலைவரின் கதையை முடிக்கவில்லை. நிலையத்துக் குடும்பங்களில் நான்கு பேரை மனைவியே கூட்டி விடயத்தைச் சொன்னார். கணவர் முதலில் கோபித்தார். அடுத்த சனிக்கிழமை கொட்டிலின் பின்புறத்தில் கிடுகு மறைப்பு எழுந்தது. வாளி, தண்ணீர்ப் பீப்பா, மூடியுள்ள குப்பைத் தகரம் வந்தன. வாளியை வெறுமையாக்க ஒரு நேரம் விட்டுக்கொடுத்தார்கள். வைத்தியரிடமும் உண்ணாதிருந்ததைச் சொன்னார். அவர் பரிசோதித்து நோய் திரும்பவில்லை என்றார். ஐந்து மாதத்தில் நிறை 53 கிலோவானது. பாத்தி கட்டுவது மகன்; விதை வெங்காயம் தெரிந்து வைப்பது இவர். நாம் கடைசியாகப் போனபோது கொட்டிலுக்குள் சத்தம் கேட்டது. மனைவி சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்.

“கறிக்குப் புளி காணாதாம், பாதர். மூண்டாந் தரம் சோறு போட்டுக்கொண்டு சண்டை பிடிக்கிறார்.”