வாடகைக்கு விடப்படும் ஐரிஷ் குடில்கள்

அயர்லாந்தின் மேற்குக் கரையோரச் சிற்றூர்கள் நெடுங்காலமாக மக்களை இழந்து வந்தவை. 1845-ல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் அந்நாட்டில் சுமார் 10 லட்சம் பேர் மாண்டனர். ஏறத்தாழ அதே தொகையினர் கடல் கடந்தனர். பின்னரும் இளைஞர் வெளியேறுவது பல தலைமுறைகளுக்கு நிற்கவில்லை.

ஷானன் விமான நிலைய வட்டாரத்தின் வளர்ச்சிக்கென அமைந்த அரசு நிறுவனம், 1960-களின் பிற்பகுதியில் இதற்கொரு வழி கண்டது. கிளேர் மாவட்டத்துப் பாலிவான் முதலிய ஊர்களில் கூரை வேய்ந்த குடில்களைப் புதிதாகக் கட்டுவித்து, விடுமுறைப் பயணிகளுக்கு வாடகைக்கு விட ஏற்பாடு செய்தது. வெளித்தோற்றம் பழைய உழவர் வீடே. வெண்சுண்ணாம்புச் சுவர், சிறு சன்னல்கள், சதுப்பு நிலத்தில் வெட்டி உலர்த்திய கரி எரியும் கணப்பு எல்லாம் உண்டு. உள்ளேயோ குழாய்நீரும் மின்சாரமும் குளியலறையும் அமைந்திருக்கும். வறுமைக்கு அஞ்சி இத்தகைய வீட்டை விட்டுச் சென்றோரின் பேரர்கள், அமெரிக்காவிலிருந்து வந்து அதே வடிவ வீட்டிற்கு வாடகை தருவது விந்தையே!

எனினும் கட்டடத்தைக் காட்டிலும் நாம் கருதத்தக்கது முதலீட்டு முறையாகும். அரசுப் பணத்துடன் ஊர்மக்களும் பங்குத்தொகை செலுத்தினர். பங்கில்லாத ஊருக்குப் பெருக்கித் துடைக்கும் கூலியே மிஞ்சும். பங்குடைய ஊருக்கோ வாடகையிலும் உரிமை உண்டு. கடைக்காரருக்கும் கூரை வேய்வோருக்கும் வருவாய் தனி.

குளிர்காலத்தில் குடில்கள் பெரும்பாலும் பூட்டிக் கிடக்கும். மழையும் கடற்காற்றும் கூரையை அரிப்பது அப்போதுதான். ஆதலின் பழுதுபார்க்கும் செலவைக் கோடை வாடகையிலேயே ஒதுக்கி, எஞ்சியதையே ஆதாயமாகக் கணக்கிடல் வேண்டும்.