கடைசி பஸ்ஸைக் கேட்டுவிட்டுக் கிளம்பு

திருவண்ணாமலை

அன்புள்ள கயல்,

மூன்று வாரம், மலையும் ஊருமாகச் சுற்ற வேண்டும், கார் வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். உன் அப்பா நேற்று போனில் என்னிடம் சண்டைக்கே வந்துவிட்டார். பெண்பிள்ளைகள் இரண்டு பேர் பஸ்ஸில் அலைவதாவது என்கிறார். அண்ணனை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ அனுப்பிய பட்டியல்தான் எனக்குப் பிடிக்கவில்லை. பார்க்கவேண்டிய இடங்களாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு தேதி போட்டிருக்கிறாய். அது கார்க்காரர்கள் போடும் திட்டம். பஸ்ஸில் போகிறவள் முதலில் கேட்கவேண்டியது, அங்கிருந்து திரும்பக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதைத்தான்.

முதலில் மாதம். கார்த்திகை, மார்கழி வேண்டாம். மழையோடு தீபக்கூட்டமும் சேர்ந்துகொள்ளும். 2024 டிசம்பர் 1 அன்று மலையடிவாரத்து வ.உ.சி. நகரில் மண் சரிந்து ஏழு பேர் இறந்தது உனக்கு நினைவிருக்கும். சித்திரை வெயிலில் செருப்பில்லாமல் கிரிவலம் போக உன்னால் ஆகாது. தைப்பூசம் கழிந்து இரண்டு நாள் விட்டு வா. பௌர்ணமிக்குப் பௌர்ணமி இருபத்தொன்பது நாள் சொச்சம். உன் மூன்று வாரமும் மாசி மகத்துக்குள் அடங்கிவிடும். பௌர்ணமியன்று பஸ்களை ஊருக்கு வெளியே தற்காலிக நிலையங்களிலேயே நிறுத்திவிடுவார்கள், லாட்ஜ் வாடகையும் கண்டபடி ஏறும். இப்போது சனி, ஞாயிறும் கூட்டம்தான். சென்னையிலிருந்து இங்கே வர பீச் ஸ்டேஷன் ரயிலே இருக்கிறது, 2024 மே முதல் வேலூர் வழியாக ஓடுகிறது.

முதல் வாரம் என் வீட்டில் தங்கு. தினமும் மூட்டை கட்டாதே, காலையில் போய் மாலையில் திரும்பு. கிரிவலம் 14 கிலோமீட்டர், விடியலில் தொடங்கினால் வெயிலுக்கு முன் முடியும். உச்சிக்கு ஏற வனத்துறை விடுவதில்லை. ரமணாசிரமத்தின் பின்பக்கமிருந்து ஸ்கந்தாசிரமம், விருபாட்ச குகை வழியாகக் கோயில் பக்கம் இறங்கும் பாதை போதும். பதினொரு நிலை ராஜகோபுரமும் கோயிலும் மேலிருந்து முழுதாகத் தெரிவது அங்கேதான்.

செஞ்சிக்குத் திண்டிவனம் பஸ்ஸில் ஏறு. நம் ஊரிலிருந்து போகும்போது கோட்டைதான் முதலில் வரும், ஊர் அதற்கு அப்புறம். கோட்டையில் இறக்கிவிடுவார்களா என்று ஏறும்போதே கண்டக்டரிடம் கேட்டுக்கொள். இல்லையென்றால் ஊருக்குப் போய் ஆட்டோவில் திரும்பி வரவேண்டும். ராஜகிரி ஏற்றம் செங்குத்து, தண்ணீர் வேண்டும், தின்பண்டத்தைக் குரங்கு விடாது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த கோட்டை அது. சாத்தனூர் அணைக்கு ஒரு அரை நாள் போதும்.

இரண்டாவது வாரம் ஜவ்வாது மலை. இங்கேதான் உன் பட்டியல் உதைக்கிறது. காவலூர் வானாய்வகத்தை இரவில் பார்க்க எழுதியிருக்கிறாய். இருட்டிய பிறகு அங்கிருந்து எந்த பஸ்ஸில் திரும்புவாய்? சனிக்கிழமைகளில் பொதுமக்களை உள்ளே விடுவார்கள். உறுதி செய்துகொண்டு பகலில் போய், வைணு பாப்பு பெயரிலுள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கியைப் பார்த்துவிட்டு வெளிச்சத்தோடு திரும்பு. நட்சத்திரத்துக்கு ஜமுனாமரத்தூர் இருட்டே போதும். போளூர் வழியாக மேலே போகும் பஸ்கள் குறைவு, தங்க அறைகளும் குறைவு, முன்கூட்டியே சொல்லி வை. அங்கே மூன்று நாளாவது இரு. மலையாளி மக்கள் விளைவிக்கும் சாமையைச் சோறாக்கித் தரும் வீடு கிடைத்தால் விடாதே. பீமன் அருவியில் தண்ணீர் மெலிந்திருக்கலாம். அதற்காக வருத்தப்படாதே, காட்டுவழி நன்றாயிருக்கும்.

ஏலகிரியை விட்டுவிடு என்பேன். வார இறுதியில் பெங்களூர்க் கார்கள் அதை நிரப்பிவிடுகின்றன.

பிறகு இறங்கி வேலூர். கோட்டையை ஒரு பகலில் பார். காட்பாடியிலிருந்து விழுப்புரத்துக்கு ரயில், நம் ஊர் வழியாகவே போகும். அழுக்குத் துணியை ஸ்டேஷனில் என்னிடம் கொடுத்துவிட்டும் போகலாம். மூன்றாவது வாரம் புதுச்சேரி, சிதம்பரம், பிச்சாவரம். புதுச்சேரியின் பழைய தெருக்களுக்கு உன் கால்களே வண்டி. பிச்சாவரத்தில் காலைப் படகுக்குப் போ. சிதம்பரத்திலிருந்தே சென்னைக்கு ரயில் உண்டு.

சக்கரம் வைத்த பெட்டி வேண்டவே வேண்டாம். நம் டவுன் பஸ்ஸில் அதை வைக்க இடமும் இருக்காது, கண்டக்டருக்குப் பொறுமையும் இருக்காது. முதுகில் மாட்டும் பை ஒன்று போதும். சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் 2021 முதல் பெண்களுக்குக் காசில்லை, உங்கள் இரண்டு பேர் செலவில் அது நல்ல மிச்சம். வாரத்துக்கு ஒரு நாள் எதுவும் எழுதாமல் காலியாக விடு. தவறிய பஸ்ஸுக்கும் வயிற்றுக்கோளாறுக்கும் அது உதவும்.

புதுப் பட்டியலை இந்த வாரத்துக்குள் எழுதி அனுப்பு. ஒவ்வொரு ஊருக்கு எதிரிலும் கடைசி பஸ் நேரம் இருக்கவேண்டும், இல்லையென்றால் அண்ணன் பக்கம்தான் நான் பேசுவேன்.

அன்புடன்,
அத்தை