சதுரங்கப் பலகையும் கைப்பேசியும்: பாங்கு சொன்னால் எழ முடிகிறதா?

 

ஆலங்காயம், வாணியம்பாடி, திருப்பத்தூர், போளூர் என்று ஜவ்வாது மலையைச் சுற்றியிருக்கிற நமது ஊர்களில் பெற்றோர் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "பையன் செஸ் ஆடுகிறான், ஹள்ரத். கூடுமா, கூடாதா?"

இந்தக் கேள்வி சும்மா வரவில்லை. 2022 ஜூலை, ஆகஸ்டில் 44வது செஸ் ஒலிம்பியாட் நமது மாமல்லபுரத்தில் நடந்தது. அதையொட்டி அரசுப் பள்ளிகளிலும் போட்டிகள் வைத்தார்கள். 2024 டிசம்பரில் சென்னையைச் சேர்ந்த குகேஷ் 18 வயதில் உலக சாம்பியன் ஆனார். பிள்ளைகளுக்கு ஆசை வராமல் இருக்குமா? ஆனால் கேட்கிற பெற்றோரிடம் நாம் திருப்பிக் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது: "பையன் எங்கே ஆடுகிறான்? பலகையிலா, கைப்பேசியிலா?" இன்றைய பாடம் அந்த வித்தியாசத்தைப் பற்றியதுதான்.

முதலில் கொஞ்சம் வரலாறு. சதுரங்கம் நமது நாட்டில் பிறந்து, பாரசீகத்தில் சத்ரங் ஆகி, அரபியில் ஷத்ரஞ்ச் ஆனது. நமது பிள்ளைகள் மந்திரி என்று சொல்கிற காயை அரபிகள் ஃபீல், அதாவது யானை என்றார்கள். நாம் யானை என்கிற மூலைக் காய் அவர்களுக்கு ருக். 'செக்மேட்' என்கிற சொல்லே 'ஷாஹ் மாத்' என்பதிலிருந்து வந்ததுதான். அப்பாஸிய கலீஃபாக்களின் சபையில் அபூபக்ர் அஸ்ஸூலி என்பவர் ஈடு இணையில்லாத ஆட்டக்காரராக இருந்தார். ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டுக்காரர். அவர் அமைத்து வைத்த ஒரு புதிருக்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் யாரும் விடை காணவில்லை என்று செஸ் வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

ஆக, இது நமது உம்மத்துக்குப் புதிய விஷயம் அல்ல. சட்ட மேதைகள் இதை அலசாமல் விடவும் இல்லை.

பாரசீகம் வெற்றி கொள்ளப்பட்ட பிறகுதான் ஸஹாபாக்கள் இந்த ஆட்டத்தை அறிந்தார்கள். அதனால் சதுரங்கத்தைப் பெயர் சொல்லி நபி (ஸல்) அவர்களிடமிருந்து உறுதியான ஹதீஸ் எதுவும் இல்லை என்று ஹதீஸ் துறை அறிஞர்கள் சொல்கிறார்கள். தாயக்கட்டை உருட்டி ஆடும் 'நர்து' ஆட்டத்தைக் கடுமையாகக் கண்டிக்கும் ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. சதுரங்கம் அதோடு சேருமா, சேராதா என்பதில்தான் கருத்து வேறுபாடு வந்தது. அலீ (ரலி) அவர்கள் சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்தவர்களைக் கடந்து போகும்போது, சிலைகளின் முன்னால் உட்கார்ந்திருப்பவர்களைக் கேட்பது போலக் கேட்டுக் கண்டித்ததாக ஓர் அறிவிப்பு உண்டு. கூடாது என்பவர்கள் அதை எடுத்துக் காட்டுகிறார்கள். மறுபக்கம், தாபியீன்களில் பெரியவரான ஸஈத் இப்னு ஜுபைர் (ரஹ்) பலகைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பார்க்காமலேயே ஆடினார்கள் என்று ஷாஃபிஈ மத்ஹபின் நூல்களில் வருகிறது!

இமாம் மாலிக், இமாம் அஹ்மத் (ரஹ்) ஆகியோரிடம் இது கூடாது. ஹனஃபி மத்ஹபில் மக்ரூஹ் தஹ்ரீமி. இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் வெறுத்தார்கள், ஆனால் தாயத்தின் அளவுக்குக் கண்டிக்கவில்லை. நமது காலத்திலும் 2016இல் சவூதியின் தலைமை முஃப்தி இது கூடாது என்று சொன்னது உலகம் முழுக்கச் செய்தியானது. ஆகவே, "எல்லாரும் ஆடுகிறார்கள், அதனால் தாராளமாகக் கூடும்" என்று யாரும் எளிதாகச் சொல்லிவிட முடியாது. உங்கள் மத்ஹப் என்ன சொல்கிறது என்பதை உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இப்போது கவனியுங்கள். நமது பகுதியில் பெரும்பாலோர் ஹனஃபிகள். நமது மத்ரஸாக்களில் பழக்கமான நூல் துர்ருல் முக்தார். அதில், இமாம் அபூ யூசுஃப் (ரஹ்) அவர்களிடமிருந்து அனுமதி தரும் ஓர் அறிவிப்பும் உண்டு என்று சொல்லிவிட்டு, அந்த அனுமதிக்கும் மூன்று வேலிகள் போடுகிறார்கள். சூதாட்டம் கலக்கக் கூடாது. அதையே வழக்கமாக வைத்துக்கொள்ளக் கூடாது. கடமை எதுவும் தவறக் கூடாது. இந்த வேலியைத் தாண்டினால் ஹராம் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

சூதும் தொழுகையும் எல்லாருக்கும் தெரியும். நடுவில் இருக்கிற அந்த ஒன்றைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. ஓயாமல் அதிலேயே இருப்பது, அரபியில் முதாவமத். கைப்பேசி ஆட்டத்தின் உயிரே அதில்தான் இருக்கிறது.

அந்த இமாம்களின் காலத்தில் சதுரங்கம் எப்படி இருந்தது? எதிரே ஒரு மனிதர் வேண்டும். அவருக்கும் நேரம் இருக்க வேண்டும். கடிகாரம் கிடையாது. செஸ் கடிகாரம் என்பதே 1883இல் லண்டன் போட்டியில்தான் வந்தது. ஓர் ஆட்டம் முடிந்தால் இருவருக்கும் அலுப்பு வரும், எழுந்து போவார்கள். பாங்கு சொன்னால் இருவர் காதிலும் விழும். ஒருவர் எழுந்தால் மற்றவருக்கு வெட்கமாவது வரும்.

கைப்பேசியில் என்ன நடக்கிறது? ஆளுக்கு மூன்று நிமிட ஆட்டம். இரண்டு பேருக்கும் சேர்த்து அதிகம் போனால் ஆறு நிமிடம். அதாவது ஒரு மணி நேரத்தில் பத்து ஆட்டம். ஒரு நிமிட ஆட்டமும் உண்டு! முடிந்த மறு நொடி 'மறுபடி ஆடு' என்று பொத்தான் வருகிறது. எதிராளி போய்விட்டாரா, சில நொடிகளில் உலகத்தின் வேறு மூலையிலிருந்து இன்னொருவர் வந்துவிடுவார். அவருக்கு அங்கே பகல், உங்களுக்கு இங்கே நள்ளிரவு. தோற்றால் புள்ளி குறையும், அதை மீட்காமல் தூக்கம் வராது. ஜெயித்தால் புள்ளி கூடும், அப்போதும் தூக்கம் வராது. இரவு பதினொன்றுக்கு "ஒரே ஒரு ஆட்டம்" என்று படுத்த பிள்ளை இரண்டு மணிக்கு கைப்பேசியை வைக்கிறான். பஜ்ரு என்ன ஆகும்? பள்ளிக்கூடத்தில் என்ன கேட்கும்? பிள்ளை கெட்ட படம் பார்க்கவில்லை, செஸ்தானே என்று பெற்றோரும் நிம்மதியாக இருக்கிறார்கள். பிள்ளையை மட்டும் சொல்வானேன், கடையில் வாடிக்கையாளர் நிற்க, கல்லாவில் உட்கார்ந்து காய் நகர்த்துகிற பெரியவர்களும் இருக்கிறார்கள்.

ஆட்டத்தைக் குறை சொல்லவில்லை. கேரளாவில் திருச்சூர் மாவட்டத்தில் மரோட்டிச்சால் என்று ஒரு கிராமம். நமது ஊர்களைப் போல மலையடிவாரம்தான். ஒரு காலத்தில் சாராயமும் சீட்டாட்டமும் குடும்பங்களைத் தின்றுகொண்டிருந்தன. உன்னிகிருஷ்ணன் என்ற டீக்கடைக்காரர் தமது கடையில் பலகையை வைத்து, வருகிறவர்களுக்கு செஸ் சொல்லிக் கொடுத்தார். பலர் குடியிலிருந்து விடுபட்டதாக அந்த ஊர்க்காரர்களே சொல்கிறார்கள். அங்கே காய்கள் மட்டுமா வேலை செய்தன? எதிரே முகம் இருந்தது, பேச்சு இருந்தது, பழக்கம் இருந்தது. தனி அறையில் போர்வைக்குள் வெளிச்சம் தெரிகிற ஆட்டத்துக்கு அந்த நன்மை எங்கிருந்து வரும்?

இன்னொரு விஷயம், அமானத். பலகையில் ஏமாற்றுவது கஷ்டம். கைப்பேசியில் மிக எளிது. பக்கத்தில் இன்னொரு கைப்பேசியை வைத்து, கணினி நிரலிடம் அடுத்த காயைக் கேட்டு ஆடலாம். அந்த நிரல்கள் இலவசமாகவே கிடைக்கின்றன, உலக சாம்பியனையும் தோற்கடிக்கும். "முகம் தெரியாத ஆள்தானே, காசா பணமா?" என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். சந்தையில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டு, உள்ளே ஈரம் இருப்பதைக் கண்டு அந்த வியாபாரியைக் கண்டித்த சம்பவம் உங்களுக்குத் தெரியும். மேலே காய்ந்த தானியம், கீழே நனைந்த தானியம். நமது மலைச் சாமையை மூட்டை பிரித்துப் பார்த்து வாங்குகிறவர்களுக்கு இது சொல்லாமலே விளங்கும். திரையில் உங்கள் பெயர், உள்ளே இயந்திரத்தின் புத்தி. இதுவும் அந்தக் குவியல்தான்.

பணம் பற்றிச் சுருக்கமாக. இருவரும் காசு போட்டு, ஜெயித்தவர் எடுப்பது சூது. அது திறமை ஆட்டமாக இருந்தாலும் மார்க்கத்தில் அதே சட்டம்தான். நாட்டின் சட்டமும் 2025இல் இணையப் பண ஆட்டங்களைத் திறமை, அதிர்ஷ்டம் என்று பிரிக்காமலே தடை செய்திருக்கிறது. போட்டிகளில் நுழைவுக் கட்டணம் வாங்கி, அந்தப் பணத்திலேயே பரிசு தருகிறார்களா, வேறொருவர் பரிசு தருகிறாரா என்று விசாரித்து, ஆலிமிடம் கேட்ட பிறகே பிள்ளையைச் சேருங்கள்.

மீர் சுல்தான் கான் என்று ஒருவர். பஞ்சாப் கிராமத்து முஸ்லிம், ஒரு ஜமீன்தாரிடம் வேலை பார்த்தவர். இங்கிலாந்துக்குப் போய் 1929, 1932, 1933 என்று மூன்று முறை பிரிட்டிஷ் சாம்பியன் ஆனார். கபபிளாங்காவையே தோற்கடித்தார். பிறகு ஊர் திரும்பி விவசாயம் பார்த்தார். தமது பிள்ளைகளுக்கு மட்டும் இதைக் கற்றுத் தரவில்லை, வாழ்க்கையில் இதைவிடப் பயனுள்ள வேலையைச் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டாராம். 2024இல், அவர் இறந்து ஐம்பத்தெட்டு ஆண்டுகள் கழித்து, கிராண்ட் மாஸ்டர் பட்டம் கொடுத்தார்கள்.

பெற்றோர்களே, பறிப்பதால் மட்டும் பயனில்லை. ஒரு பலகை வாங்கிக் கொடுங்கள். விலை அதிகமில்லை. அஸருக்குப் பிறகு நீங்களே எதிரில் உட்காருங்கள், மஃரிப் பாங்கு வரை. காய்கள் அப்படியே இருக்கட்டும், தொழுதுவிட்டு வந்து தொடரலாம்.

கைப்பேசியில்தான் ஆட வேண்டும் என்ற நிலை இருந்தால், அதே செயலிகளில் ஒரு காய்க்கு ஒரு நாள், மூன்று நாள் என்று அவகாசம் தருகிற ஆட்டமும் இருக்கிறது. பழைய காலத்தில் தபால் அட்டையில் ஆடியது போல. மலை மேல் சிக்னல் போனாலும் அதில் தோற்க மாட்டார்கள், பாங்கு சொன்னாலும் யாரும் காத்திருக்க மாட்டார்கள். பையனின் கைப்பேசியை வாங்கி, அந்த அமைப்பை இன்று இரவே மாற்றிக் கொடுங்கள். எப்படி என்று தெரியாவிட்டால் அவனிடமே கேளுங்கள், அவனுக்குத் தெரியும்.