மூளைக்குப் பாயும் வாய்க்கால்: ஒடுக்கத்தை ஒலியால் அறிதல்



மிளகாய்க் கன்றுக்குக் குழாயால் தண்ணீர் விடும்போது அதன் வாயைப் பெருவிரலால் சிறிது அமுக்கிப் பாருங்கள். வழி ஒடுங்கியதும் தண்ணீர் வேகமெடுத்துப் பாயும். உள்ளே பார்க்காமலே, வேகத்தைக் கொண்டு ஒடுக்கத்தை அறிந்துவிடலாம். மூளையின் இரத்தக் குழாய்கள் ஒடுங்குவதையும் வைத்தியர்கள் இவ்வாறே அறிகிறார்கள்.

எப்போது ஒடுங்கும்?

சிலருக்கு மூளையின் இரத்தக் குழாய்ச் சுவரில் சிறு குமிழ் போன்ற வீக்கம் இருக்கும். அது வெடித்தால் மூளையைச் சுற்றி இரத்தம் கசியும். வாழ்நாளில் கண்டிராத கடும் தலையிடி திடீரென வரும். வாந்தி, கழுத்து விறைப்பு, மயக்கம் என்பனவும் சேரலாம். புகைத்தலும் உயர் குருதியமுக்கமும் இந்த ஆபத்தைக் கூட்டும்.

உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு சென்று, வெடித்த இடத்தை அடைத்து உயிரைக் காத்தாலும் ஆபத்து முடிந்துவிடவில்லை. கசிந்த இரத்தத்தின் தாக்கத்தால் அயலிலுள்ள குழாய்கள் சுருங்கத் தொடங்கும். இது பெரும்பாலும் 3ஆம் நாளுக்குப் பின் தொடங்கி, 7 முதல் 10 நாட்களில் கடுமையாகி, 3 வாரங்களுக்குள் தணியும். ஒடுக்கம் மிகுந்தால் இரத்தம் போதாமல் மூளையின் ஒரு பகுதி பழுதடைந்து, பாரிசவாதம் ஏற்படும்.

ஒலி எப்படி வேகத்தைச் சொல்கிறது?

எதிரே வரும் பஸ்ஸின் ஹோர்ன் ஓசை உச்சமாகக் கேட்கும். எம்மைக் கடந்து போனதும் தாழ்ந்துவிடும். இந்த மாற்றத்துக்கான விதியை ஒஸ்திரிய அறிஞர் கிறிஸ்ரியன் டொப்ளர் 1842இல் எடுத்துரைத்தார். ஓடும் இரத்தத்தில் பட்டுத் திரும்பும் ஒலியும் இவ்வாறே மாறுகிறது. மண்டையோடு தடித்ததாகையால் மூளைக்கு இம்முறையைப் பயன்படுத்துவது நீண்டகாலம் கடினமாக இருந்தது. 1982இல் நோர்வே நாட்டவரான றூனே ஆஸ்லிட், சுவிற்சலாந்தின் பேர்ண் நகரில் தம் சகாக்களுடன் அதற்கு வழி கண்டார். காதுக்கு முன்னே, கன்னப்பொறியில் எலும்பு மெல்லியது. அங்கே கருவியை வைத்து, செக்கனுக்கு 20 இலட்சம் அதிர்வுகள் கொண்ட, காதுக்குக் கேளாத ஒலியை உட்செலுத்தினார்கள். இதில் ஊசியுமில்லை, நோவுமில்லை, எக்ஸ்றே கதிருமில்லை. ஆகவே நாள்தோறும் செய்யலாம்.

வளர்ந்தவர் ஒருவரின் மூளையின் நடு நாடியில் இரத்தம் செக்கனுக்குச் சராசரியாக ஏறத்தாழ 60 சென்ரிமீற்றர் வேகத்தில் ஓடும். 120ஐத் தாண்டினால் ஒடுக்கம் என்று ஐயுறுவர். 200ஐத் தாண்டினால் அது கடுமையானது எனக் கொள்வர். ஆனால் இறைப்பு இயந்திரம் கூடுதலாகத் தள்ளினாலும் தண்ணீர் வேகமாக ஓடுமல்லவா? காய்ச்சலும் இரத்தச் சோகையும் அவ்வாறு வேகத்தைக் கூட்டலாம். எனவே கழுத்துக் குழாயின் வேகத்தையும் அளந்து ஒப்பிடுவர். தலையில் உள்ள வேகம் அதைப்போல் 3 மடங்கைத் தாண்டினால் ஒடுக்கமே காரணம் என எண்ணுவர்.

முன்னறிதலின் பயன்

அரிவாள் வடிவக் குருதிச் சோகை என்னும் பரம்பரை நோயுள்ள பிள்ளைகளுக்கும் மூளைக் குழாய்கள் ஒடுங்குவதுண்டு. பெரும்பாலும் அமெரிக்காவில் நடத்தப்பட்டு 1998இல் வெளியான ஓர் ஆய்வில், வேகம் 200ஐ எட்டியும் பாரிசவாதம் வராதிருந்த 130 பிள்ளைகள் சேர்க்கப்பட்டனர். வழமையான பராமரிப்பு மட்டும் பெற்ற 67 பேரில் 11 பேருக்குப் பாரிசவாதம் வந்தது. ஒழுங்காக இரத்தம் ஏற்றப்பட்ட 63 பேரில் ஒருவருக்கே வந்தது. வெளியே நலமாகத் தெரிந்த பிள்ளைகளை அளவுகோலே காத்தது.

நாம் செய்யவேண்டியவை

1. திடீரெனக் கடும் தலையிடி வந்தால் குளிசை போட்டுக் காத்திராமல் உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். 1990 இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும்.

2. தலையிடி தணிந்ததும், "பிள்ளைகள் தனிய, கூலியும் கெடுகிறது" என்று துண்டு வெட்டிக்கொண்டு வரவேண்டாம். இரண்டாம் வாரமே ஆபத்தான வாரம். அயலவர் பிள்ளைகளைப் பொறுப்பேற்கட்டும்.

3. நிமோடிபின் குளிசை தந்தால், இரவிலும் நேரம் தவறாமல், சொன்ன நாள் முடியும்வரை கொடுங்கள். வழமையாக அது 21 நாட்கள்.

4. ஒருநாள் அளவு மட்டும் போதாது. நேற்றைய அளவோடு ஒப்பிட்டே வைத்தியர் முடிவெடுப்பார். இடம்பெயர்ந்து வாழும் நாம் எங்கு மாறினாலும் கிளினிக் கொப்பியையும் ஸ்கான் முடிவுகளையும் அடையாள அட்டையோடு பத்திரமாக எடுத்துச் செல்வோம்.

இக்கருவி எல்லா வைத்தியசாலைகளிலும் இல்லை. ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு எலும்பு தடித்திருப்பதால் ஒலி உட்செல்லாது. அவர்களுக்கு வேறு ஸ்கான் செய்வார்கள். கருவி இல்லாத இடத்தில் அருகிலிருப்பவரின் கண்ணே காவல். பேச்சுக் குழறினால், ஒரு கை சோர்ந்தால், வழமைக்கு மாறாகத் தூங்கிவழிந்தால் தாமதியாமல் தாதியிடம் சொல்லுங்கள்.

விளக்கேந்திக் காத்திருந்த கன்னியரின் உவமையை நாம் அறிவோம். நோயாளியின் அருகே விழித்திருப்பதும் ஒரு திருப்பணியே.

கலந்துரையாட:

1. எமது குடியிருப்பில் ஒருவர் மூன்று வாரம் வைத்தியசாலையில் இருக்க நேர்ந்தால் அவருடைய வீட்டையும் தோட்டத்தையும் யார் பார்ப்பது?

2. எமது கிளினிக் கொப்பிகள் இப்போது எங்கே இருக்கின்றன?