திருக்கோளூர்ப் பெண்பிள்ளையின் கணக்கு



பாண்டிநாட்டுத் திவ்யதேசங்களில் நவதிருப்பதி என்று வழங்கப்பெறும் ஒன்பதனுள் ஒன்று திருக்கோளூர். தாமிரபரணிக் கரையில், ஆழ்வார்திருநகரிக்கு அணித்தே உள்ளது. மதுரகவியாழ்வார் திருவவதரித்த ஸ்தலம். இங்கே எம்பெருமான் வைத்தமாநிதி என்னும் திருநாமத்துடன், மரக்காலைத் தலைக்கு அணையாக வைத்துக்கொண்டு பள்ளிகொண்டருளுகிறான். குபேரன் தான் இழந்த நிதியை மீளப் பெற்றது இவ்விடத்தில் என்பது ஸ்தலபுராணம். அளக்கும் கருவியைத் தலைக்கு வைத்து உறங்கும் பெருமானுடைய இவ்வூரிலிருந்துதான், தன்னைத் தானே அளந்து பார்த்து, ‘நான் ஒன்றுக்கும் உதவாதவள்’ என்று தீர்மானித்து ஒரு பெண்பிள்ளை வெளியேறினாள்.

ஸ்ரீவைஷ்ணவ குடும்பங்களில் இந்தச் சரித்திரத்தை அறியாதார் சிலரே. திவ்யதேச யாத்திரையாக எழுந்தருளிய எம்பெருமானார் திருக்கோளூரை நெருங்கும்போது எதிரே வந்த அவள் தெண்டன் ஸமர்ப்பித்தாள். எங்கிருந்து வருகிறாய் என்று உடையவர் வினவ, திருக்கோளூரிலிருந்து விடைகொண்டு புறப்பட்டு வருவதாக விண்ணப்பித்தாள். நம்மாழ்வார் திருவாய்மொழியில் ஒரு பதிகம் முழுவதையும் இவ்வூருக்கென்றே அருளியிருக்கிறார். தாய் தன் மகளைக் காணாமல் தேடி, அவள் திருக்கோளூருக்கே போயிருப்பாள் என்று உறுதிகொள்வதாக அமைந்தது அப்பதிகம். ஆகவே உடையவர் வியந்து, எல்லோரும் புக விரும்பும் ஊர் உனக்கு மட்டும் புறப்படும் ஊராயிற்றோ என்று கேட்டருளினார்.

அதற்கு அவள் சொன்ன மறுமொழியே ‘திருக்கோளூர்ப் பெண்பிள்ளை ரஹஸ்யம்’ என்று வழங்கி வருகிறது. எண்பத்தொரு வாக்கியங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பெரியவரின் பெயரும் அவர் செய்த ஒரு செயலும் வரும். அதை நான் செய்தேனா என்று தன்னையே அவள் கேட்டுக்கொள்வாள். அக்ரூரர் கண்ணனை அழைத்துவரப் புறப்பட்டாரே, குகன் ஓடம் விட்டானே, கூனி சந்தனம் கொடுத்தாளே, சபரி இனிய கனிகளை வைத்திருந்தாளே, நாதமுனிகள் நெடுவழி நடந்தாரே என்று கணக்கு நீண்டுகொண்டே போகிறது. வாதத்தில் வென்ற எம்பெருமானாரையும், அவர் எதிரே நின்றுகொண்டே, அந்த வரிசையில் ஒருவராகச் சேர்த்துவிடுகிறாள். இவற்றுள் எதையும் செய்யாத தான் வயலில் கிடந்தாலென்ன, வரப்பில் கிடந்தாலென்ன என்று முயலின் புழுக்கையைத் தனக்கு உவமையாக வைத்து முடிக்கிறாள்.

இதனை அவளுடைய ஞானத்துக்குச் சான்றாகவே உபந்யாஸகர்கள் எடுத்துரைப்பது வழக்கம். அது தக்கதே. இதிஹாஸ புராணங்களும் ஆழ்வார் ஆசார்யர்களின் சரித்திரங்களும் அவள் நாவின் நுனியில் இருந்தன. ஆயினும் அவள் கண்களில் நீர் வந்ததன் காரணத்தையும் கவனித்தல் வேண்டும். செய்தவனுக்கே இடம் உண்டு, செய்யாதவனுக்கு இல்லை என்ற ஒரே அளவுகோலை அவள் கையில் வைத்திருந்தாள். எண்பத்தொரு முறை அளந்தாள். எண்பத்தொரு முறையும் குறைந்தாள்.

அவள் கையிலிருந்த அளவுகோல் இன்று ஒவ்வொரு இல்லத்திலும் இருக்கிறது. புதியவர் ஒருவரைக் கண்டால் பெயருக்கு அடுத்தபடியாகக் கேட்பது, ‘என்ன செய்கிறார்?’ என்பதுதான். முப்பத்தைந்து ஆண்டுகள் அலுவலகத்தில் இருந்து ஓய்வுபெற்ற பெரியவர், மறுவாரமே தம் வீட்டில் தமக்கு நாற்காலி எங்கே என்று தெரியாமல் தடுமாறுகிறார். காலை வேளையில் அவர் திண்ணையில் அமர்ந்திருப்பது பிறருக்கு இடைஞ்சலாகத் தோன்றுகிறது. ஆகையால் ரேஷன் கடைக்கும் மின்சாரக் கட்டணம் கட்டவும் தாமே முன்வந்து ஓடுகிறார். ஒருநாள் முழங்கால் ஒத்துழையாமல் போனால், அன்றே தாம் வீட்டுக்குப் பாரம் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. விடியுமுன் எழுந்து, இரவு எல்லோரும் உறங்கிய பின் அடுப்பங்கரையை மெழுகிப் படுக்கும் பெண்ணைப் பற்றி, ‘வீட்டில் சும்மாதான் இருக்கிறாள்’ என்று அவளுடைய கணவனே சொல்லுகிறான். அவளும் அதையே சொல்லிக்கொள்கிறாள். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் படிவத்தில், வருவாய்க்கான தொழிலில் ஈடுபடாதோருக்கென ஒதுக்கிய கேள்வியில் மாணவர், வீட்டுப்பணி செய்வோர், பிறரைச் சார்ந்திருப்போர், ஓய்வூதியர், பிச்சையெடுப்போர் ஆகிய அனைவரும் ஒரே வரிசையில் நின்றனர். பொருளாதாரக் கணக்கு எழுதுவோருக்கு அப்பாகுபாடு தேவையாயிருக்கலாம். அதில் குற்றம் காண வேண்டுவதில்லை. சர்க்கார் பொருளை எண்ணுவதற்கு வைத்த வரிசையைக் குடும்பத்தார் மனிதரை எண்ணுவதற்கு எடுத்துக்கொண்டதே தவறு.

நிற்க. பெண்பிள்ளையின் வரிசையையே மீண்டும் நிதானமாகப் பார்த்தால் ஒரு வியப்புத் தோன்றும். அதில் இருப்பவர்கள் எல்லோரும் செயல்வீரர்கள் அல்லர். கர்மயோகத்தால் ஸித்திபெற்ற ஜனகர் இருக்கிறார், மெய்தான். ஆனால் அகலிகையும் இருக்கிறாள். கல்லாய்க் கிடந்தவள் என்ன செய்தாள்? பெருமாளுடைய திருவடி அவள் கிடந்த இடத்துக்கு வந்தது. திரௌபதி இருக்கிறாள். ஸபையில் தன் புடவையைக் கையால் பற்றிக்கொண்டிருந்தவரை அவளுக்குத் துணை வரவில்லை. பற்றியிருந்த கையை விட்டு இரு கைகளையும் உயர்த்திய பிறகே ஆடை வளர்ந்தது என்று பெரியோர் பணிப்பர். ஆகவே பெண்பிள்ளை அவளிடம் கொண்டாடியது ஒரு செயலை அன்று, செயல் ஓய்ந்ததை.

ததிபாண்டன் என்னும் இடையனும் அவ்வரிசையில் இடம் பெற்றான். வெண்ணெய் களவு செய்து ஓடிவந்த கண்ணனைத் தயிர்த்தாழிக்குள் ஒளித்துவைத்து, தேடிவந்த யசோதையிடம், இங்கே இல்லை என்று சொல்லிவிட்டான். பிறகு, மோக்ஷம் கொடுத்தாலொழியத் தாழியைத் திறக்கமாட்டேன் என்று அடம் பிடித்தான். எம்பெருமானும் இசைந்தான். இடையன் அத்துடன் நில்லாமல் தாழிக்கும் மோக்ஷம் வேண்டினான், அதுவும் கிடைத்தது. ததிபாண்டன் சொன்ன பொய்யையாவது ஒரு தொழில் என்று வாதாட இடமுண்டு. தாழி என்ன செய்தது? அவன் உள்ளே இருந்தான் என்பதைத் தவிர அதற்கு வேறு சரித்திரம் இல்லை.

இலக்குவனும் பரதனும் அடுத்தடுத்து வருவது இன்னும் ஆழமானது. ஒருவன் உடன் சென்று பதினான்கு ஆண்டு உறங்காமல் எல்லாப் பணிகளையும் செய்தான். மற்றவன் வைத்த இடத்தில் இருந்தான். பரதனுக்கும் உடன் செல்ல ஆசைதான். போகவேண்டாம் என்பது பெருமாளின் திருவுள்ளமாயிற்று, அதற்கு இசைந்து இருந்தான். அந்த இருப்பைப் பாரதந்த்ர்யம் என்று பெயரிட்டு, ஓடியாடிச் செய்த கைங்கர்யத்துக்கும் மேலாக வைத்துப் பேசினர் நம் பூர்வாசார்யர்கள்.

ஜடாயு மஹாராஜரை எடுத்துக்கொள்வோம். பெரிய உடையார் என்று ஸம்ப்ரதாயத்தில் கொண்டாடப்பெறும் அவருக்கு வயது அறுபதினாயிரம் என்கிறது ஸ்ரீராமாயணம். இராவணனோடு பொருதார். தேர் உடைந்தது, வில் முறிந்தது. ஆயினும் பிராட்டியை மீட்கவில்லை. சிறகுகளை இழந்து வீழ்ந்தார். பலனைக்கொண்டு அளப்பவன் அவருடைய பெயருக்கு எதிரே சுழியைத்தான் போடுவான். பெருமாள் அப்படி அளக்கவில்லை. தசரதருக்குத் தம் கையால் செய்ய வாய்க்காத அந்திமக் கிரியையை இந்தப் பறவைக்குத் தாமே செய்தருளினார். சோழநாட்டுத் திருப்புள்ளம்பூதங்குடியில் இன்றும் அந்த வரலாற்றைச் சொல்லித்தான் வல்வில் இராமனைச் சேவிக்கிறோம்.

இவற்றுக்கெல்லாம் அடிப்படையான ஸித்தாந்தம் சுருக்கமானது. ஆத்மாவின் ஸ்வரூபம் வேறு, அது செய்யும் வ்யாபாரம் வேறு. எம்பெருமானுக்குச் சேஷமாயிருத்தல், அதாவது அவனுடைய பொருளாயிருத்தல், ஆத்மாவின் ஸ்வரூபம். அது ஸம்பாதித்து வந்ததன்று. ஆகவே முதுமையாலும் நோயாலும் வேலையிழப்பாலும் போவதுமன்று. கைங்கர்யம் அந்த ஸ்வரூபத்திலிருந்து பெருகி வருவது. கைங்கர்யத்தைக் கொடுத்து ஸ்வரூபத்தை விலைக்கு வாங்குவதென்பது கிடையாது. பிரபத்தி விஷயத்தில் எத்தனையோ நுண்ணிய வேறுபாடுகளைப் பேசும் இரு கலையாருக்கும் இந்த ஓர் அம்சத்தில் விவாதமில்லை.

எம்பெருமானார் இதனைச் சொல்லாலன்றிச் செய்கையாலேயே காட்டியருளிய ஐதிஹ்யம் ஒன்று உண்டு. ஊமை ஒருவனை அவர் ஓர் அறைக்குள் அழைத்துச் சென்று, கதவைச் சாத்தி, ஜாடையினாலே தம் திருவடிகளைக் காட்டி, அவற்றையே அவன் தலைமீது வைத்தருளினார். அவனுக்கு உபதேசம் கேட்கவும் இயலாது, திருப்பிச் சொல்லவும் இயலாது, காலக்ஷேபம் நடத்தவும் இயலாது. மடத்துக்கு அவனால் ஆகப்போவது ஒன்றுமில்லை. கதவின் இடைவெளியில் இதைக் கண்டவர் கூரத்தாழ்வான். ஸ்ரீபாஷ்யம் எழுந்தபோது பட்டோலை பிடித்த மஹான் அவர். அவர் மூர்ச்சித்து விழுந்தார் என்றும், சாஸ்திரம் கற்ற ஆழ்வானாகப் பிறந்து இழந்தேனே, ஊமையாகப் பிறந்திருந்தால் அத்திருவடிகள் எனக்கும் இப்படி வாய்த்திருக்குமே என்று தெளிந்தபின் கதறினார் என்றும் சொல்லுவர். செய்தவரே செய்யாதவனைப் பார்த்து ஏங்கிய இடம் இது.

இங்கே ஓர் ஆக்ஷேபம் எழும். இப்படியானால் சோம்பேறிகளுக்கு இது நல்ல சாக்காகாதோ? கர்மயோக அத்தியாயத்தில், ஒரு கணமேனும் செயலின்றி எவனாலும் இருக்க முடியாது என்றும், தனக்கு ஆகவேண்டியது ஒன்றுமில்லாத தானும் செயலில் இருப்பதாகவும் கண்ணனே அர்ஜுனனுக்கு உபதேசித்திருக்கிறானே? ஆம். அந்த இரண்டாவது வாக்கியத்திலேயே விடையும் இருக்கிறது. அவன் தன் பெருமையை நிலைநாட்டத் தேர் ஓட்டவில்லை. பெருமை முன்னமே இருக்கிறது, அதனால் ஓட்டினான். உழைக்கக்கூடியவன் உழைக்க வேண்டும் என்பதிலோ, உழைத்தவனுக்குக் கூலி குறையாமல் தரவேண்டும் என்பதிலோ ஐயமில்லை. வேலை போனவன் வீட்டில் அரிசி இல்லையென்றால் அவனிடம் வேதாந்தம் பேசுவதும் கொடுமையே. அவனுக்கு முதலில் அரிசி வேண்டும். ஆனால் வேலையோடு அவனுடைய மதிப்பும் போய்விட்டதாக எண்ணி, அவன் வரும்போது பேச்சை நிறுத்திக்கொள்ளும் சுற்றத்தாருக்கு வேதாந்தம் அவசியம் வேண்டும்.

கோயிலும் இக்குற்றத்துக்கு விலக்கன்று. உத்ஸவ காலங்களில் யார் எவ்வளவு கொடுத்தார், எந்த மண்டபத்தைப் புதுப்பித்தார் என்பது கல்வெட்டிலும் மலரிலும் ஏறுகிறது. ஏறட்டும். கண்பார்வை மங்கி, இனி மாலை தொடுக்க இயலாமல், தூணோரம் அமர்ந்து புறப்பாட்டின் ஓசையை மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும் கிழவிக்கும் தீர்த்தமும் சடாரியும் அந்த இடத்திற்கே வரவேண்டும். எழுந்து வரிசைக்கு வந்தால் பெற்றுக்கொள்ளட்டும் என்று சொல்லுவது அர்ச்சகனுக்கு அழகன்று.

திருக்கோளூர்ப் பெண்பிள்ளைக்கு உடையவர் தந்த விடை என்ன என்று ஏடுகளில் தேடினால் தர்க்கம் ஒன்றும் கிடைக்காது. இன்னின்ன கைங்கர்யத்தை இனிமேலாவது செய் என்று அவர் பட்டியல் கொடுக்கவில்லை. நீயும் சில நல்ல காரியங்கள் செய்திருப்பாய், நினைத்துப்பார் என்று தேற்றவுமில்லை. வழியில் நின்று எண்பத்தொன்றையும் முழுதும் கேட்டார். அவளை அழைத்துக்கொண்டு ஊருக்குத் திரும்பினார். அவளுடைய இல்லத்துக்கே எழுந்தருளினார். அவள் தளிகை செய்தாள். உடையவர் அமுது செய்தார். அவளுடைய பெயர் இன்னதென்று யாரும் எழுதிவைக்கவில்லை.